க்ரப் 2: கெர்னலின் காதில் போட்டு அனுப்பும் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது?

இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலிடம் சில விஷயங்களை அது எழுந்திருக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். எந்தெந்த சிபியூ கோர்களைப் பொது வேலைக்கு எடுக்கக் கூடாது, 1 ஜிபி அளவுள்ள ஹியூஜ் பேஜ் (ஒரே துண்டாக எடுக்கும் ரேம் பகுதி) எத்தனை வேண்டும், கிராஃபிக்ஸ் டிரைவரைத் தொடலாமா கூடாதா, முதல் செய்திகள் திரையில் வரட்டுமா சீரியல் போர்ட்டில் வரட்டுமா என்பவை இந்த வகை. எழுந்த பிறகு சொன்னால் சில நடக்கவே நடக்காது, சில அரைகுறையாக நடக்கும். சொல்லி அனுப்பும் இடம் பூட்லோடர், அதாவது கணினியைப் போட்டதும் கெர்னலை ஏற்றிவிடும் நிரல். உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் அந்த இடத்தில் இருப்பது க்ரப் 2. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். கீழே டெபியனுக்குச் சொல்வது அதற்கும் பொருந்தும்.

விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் மெனுவாகத்தான் பலரும் க்ரப்பைப் பார்த்திருப்பார்கள். மெனுவின் தோற்றம், தீம், எத்தனை ஓஎஸ்களைக் கண்டுபிடிக்கிறது என்பதெல்லாம் இந்த மதிப்பீட்டில் இல்லை. இப்படிச் சொல்லி அனுப்பும் சொற்களான கெர்னல் பாராமீட்டர்களை மாற்றும் கருவியாக அது எப்படி என்பது மட்டுமே கேள்வி. எடுத்துக்கொண்டவை 2.06, 2.12 ஆகிய பதிப்புகள். உபுண்டு 22.04-லும் டெபியன் 12-லும் இருப்பது முன்னது, உபுண்டு 24.04-லும் டெபியன் 13-லும் இருப்பது பின்னது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு மாற்றத்தை ஒரே ஒரு தடவை மட்டும் சோதித்துப் பார்க்க க்ரப் அருமையான கருவி. அதே மாற்றத்தை நிரந்தரமாக்கும் வழி தேவைக்கு மேல் சுற்றி வளைத்தது, டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ வேறுபடுவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பல இயந்திரங்கள் பூட் ஆகாமல் நிற்கின்றன.

ஈ விசை: க்ரப்பின் சிறந்த பகுதி

முதலில் மெனு கண்ணில் பட வேண்டும். உபுண்டுவில் ஒரே ஓஎஸ் இருந்தால் மெனு மறைந்தே இருக்கும். பழைய பயாஸ் இயந்திரத்தில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். யூஇஎஃப்ஐ இயந்திரத்தில் தயாரிப்பாளர் லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப்பை ஒரு முறை தட்ட வேண்டும். பதற்றத்தில் இரண்டு மூன்று முறை தட்டிவிட்டால் மெனுவையும் தாண்டி க்ரப் கட்டளைத் திரைக்குப் போய்விடும். எதையோ கெடுத்துவிட்டோம் என்று பலர் பயப்படும் இடம் இது. அங்கே 'நார்மல்' என்று தட்டி என்டர் அடித்து, உடனே எஸ்கேப்பை ஒரே முறை தட்டினால் மெனு திரும்ப வரும்.

இந்த விளையாட்டே வேண்டாம் என்றால், எதையும் மாற்றத் தொடங்கும் முன் /ஈடிசி/டீஃபால்ட்/க்ரப் கோப்பில் க்ரப்_டைம்அவுட்_ஸ்டைல்=மெனு, க்ரப்_டைம்அவுட்=5 என்று வைத்து, சூடோவுடன் அப்டேட்-க்ரப் ஓட்டிவிடுங்கள். பூட்டில் ஐந்து விநாடி கூடும். ஏதாவது தவறினால் திரும்பி வரும் கதவு திறந்தே இருக்கும்.

மெனுவில் உங்கள் கெர்னல் வரியின் மேல் நின்று 'ஈ' எழுத்தை அழுத்தினால் ஒரு சிறு எடிட்டர் திறக்கும். பத்துப் பதினைந்து வரிகள் தெரியும். உங்களுக்கு வேண்டியது 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கும் வரி. அதில் விஎம்லினுஸ் என்ற கெர்னல் கோப்பின் பாதை, ரூட் பகுதியின் யூயூஐடி (அடையாள எண்), ஆர்ஓ (படிக்க மட்டும்), பெரும்பாலும் 'குவைட் ஸ்ப்ளாஷ்' ஆகியவை இருக்கும். கண்ட்ரோலும் ஈயும் சேர்த்து அழுத்தினால் வரியின் கடைசிக்குப் போகலாம். ஓர் இடைவெளி விட்டு பாராமீட்டரைத் தட்டி, கண்ட்ரோலும் எக்ஸும் சேர்த்தோ எஃப்10-ஐயோ அழுத்தினால் அந்த வரியோடு பூட் ஆகும். எஸ்கேப் அழுத்தினால் மாற்றம் போய்விடும்.

இந்த எடிட்டரில் சில சங்கடங்கள் உண்டு. வரி நீளமாக இருந்தால் திரை ஓரத்தில் ஒரு பேக்ஸ்லாஷ் தெரியும். அது வரி மடிகிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே, எழுத்து அல்ல. அதை வரியின் முடிவு என்று நினைத்து அங்கேயே தட்டிவிட்டால் யூயூஐடியின் நடுவில் பாராமீட்டர் போய் உட்காரும், ரூட் பகுதி கிடைக்காமல் கெர்னல் நிற்கும். விசைப்பலகை அமைப்பு வழக்கமாக அமெரிக்க ஆங்கிலம். ஓஎஸ்ஸில் நீங்கள் வேறு எதை வைத்திருந்தாலும் க்ரப்புக்குத் தெரியாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் முக்கியம். ஏறக்குறைய எல்லாம் சிறிய எழுத்தே. சீரியல் கன்சோலின் பெயரான டிடிஒய்எஸ்0-இல் மட்டும் 'எஸ்' பெரிய எழுத்து. அதைச் சிறியதாகத் தட்டிவிட்டு சீரியல் போர்ட்டில் ஒன்றும் வரவில்லை என்று தேடுவது வழக்கமான தவறு.

இவ்வளவு இருந்தும் இதை அருமை என்று சொல்லக் காரணம், இங்கே செய்யும் எந்த மாற்றமும் டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை. மாற்றம் வேலை செய்யாவிட்டால் பவர் பட்டனை அழுத்தி அணைத்து மறுபடி போட்டால் பழையபடி எழும். உள்ளே நுழையவே முடியாத இயந்திரத்தில்கூட, க்ரப் மெனு வரை வந்தால் போதும், சோதனை தொடரலாம்.

எதைச் சோதிக்கலாம்? திரை கறுப்பாகவே நின்றால் முதலில் 'குவைட் ஸ்ப்ளாஷ்' இரண்டையும் நீக்கிப் பாருங்கள். எந்தச் செய்தியில் நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து நோமோட்செட், ஒரே சொல், நடுவே இடைவெளி இல்லை. இது கிராஃபிக்ஸ் டிரைவர்கள் திரையின் அளவை அமைப்பதைத் தடுத்து, ஃபர்ம்வேர் தந்த எளிய திரையிலேயே ஓட வைக்கும். புது என்விடியா கார்டு போட்டவர்கள் டிரைவரை நிறுவும் வரை உள்ளே நுழைய இதுதான் வழி. ஆனால் இதை நிரந்தரமாக விட்டுவைப்பது பெரிய தவறு. இருந்தால் ஜிபியூ முடுக்கம் கிடைக்காது. வீடியோ தடுமாறும், சிபியூ சூடாகும், வெளித்திரையும் வராமல் போகும். 'லினக்ஸில் கிராஃபிக்ஸ் மெதுவாக இருக்கிறது' என்ற புகார் வந்தால் இந்தச் சொல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்டெல் லேப்டாப்பில் திரை மின்னினால் ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0. என்விஎம்இ எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போய் கோப்பு முறைமை படிக்க மட்டும் என்று மாறினால் என்விஎம்இ_கோர்.டீஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யூஎஸ்=0. பின்னது எஸ்எஸ்டியின் ஆழ்ந்த தூக்க நிலைகளை நிறுத்திவிடும் என்பதால் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். இரண்டையும் ஈ விசையில் சோதித்த பிறகே கோப்பில் எழுத வேண்டும்.

சொன்னது போய்ச் சேர்ந்ததா?

பாராமீட்டரைத் தட்டிவிட்டோம் என்பதற்காக கெர்னல் அதை ஏற்றுக்கொண்டது என்று ஆகாது. பூட் ஆனதும் கேட் கட்டளையால் /ப்ராக்/சிஎம்டிலைன் கோப்பைப் பாருங்கள். கெர்னலுக்கு உண்மையில் போய்ச் சேர்ந்த வரி அது. அங்கே இல்லையென்றால் கோளாறு க்ரப்பின் பக்கம். அங்கே இருந்தும் பலன் இல்லையென்றால் எழுத்துப் பிழையோ, அந்தக் கெர்னலில் அந்த வசதி இல்லாததோ காரணமாக இருக்கலாம்.

எழுத்துப் பிழையைக் கெர்னல் எப்படிக் கையாள்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தனக்குத் தெரியாத சொல்லைக் கண்டால் அது பூட்டை நிறுத்துவதில்லை, தான் தொடங்கும் முதல் நிரலான இனிட்டுக்குக் கைமாற்றிவிடுகிறது. சமக்குறி உள்ள சொல் சூழல் மாறியாகவும், இல்லாத சொல் ஆர்க்யுமென்ட்டாகவும் போகும். புதிய கெர்னல்கள் இதைக் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் 'அறியாத கெர்னல் கட்டளை வரி பாராமீட்டர்' என்ற பொருள்பட ஒரு வரியாகச் சொல்லியும் விடுகின்றன. ஆனால் பெயரின் நடுவில் புள்ளி இருந்தால் இந்த எச்சரிக்கையும் வராது. புள்ளி உள்ளவை மாட்யூலுக்கான (டிரைவர் போலத் தேவைப்படும்போது ஏறும் கெர்னல் துண்டு) பாராமீட்டர்கள், அந்த மாட்யூல் பின்னால் வந்து எடுத்துக்கொள்ளும் என்று கெர்னல் விட்டுவிடுகிறது. ஆகவே இன்டெல் கிராஃபிக்ஸ் மாட்யூலான ஐ915-க்குப் பின் ஓர் எழுத்து தவறினால், அந்த மாட்யூல் ஏறும்போது டிமெஸ்ஜியில் எளிதில் கண்ணில் படாத ஒரு வரி மட்டுமே வரும். அதைப் பிடிக்க உறுதியான வழி /சிஸ்/மாட்யூல்/ஐ915/பாராமீட்டர்ஸ் அடைவுக்குள் போய் அந்தப் பெயருள்ள கோப்பின் மதிப்பைப் படிப்பதுதான். ஹைஃபனா அண்டர்ஸ்கோரா என்ற கவலை மட்டும் வேண்டாம். பாராமீட்டர் பெயர்களில் இரண்டையும் கெர்னல் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

ஒரே பாராமீட்டரை இரண்டு முறை கொடுத்தால் பெரும்பாலும் கடைசியில் வந்ததே நிற்கும். கன்சோல் இதற்கு விலக்கு. கன்சோல்=டிடிஒய்0 கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200 என்று கொடுத்தால் கெர்னல் செய்திகள் இரண்டிலும் வரும்; கடைசியில் உள்ளதே /டெவ்/கன்சோல் ஆகும். எமர்ஜென்சி ஷெல் எந்தத் திரையில் திறக்கும் என்பதை இந்த வரிசைதான் முடிவு செய்கிறது. டேட்டா சென்டரில் உள்ள இயந்திரத்துக்குச் சீரியலைக் கடைசியில் வையுங்கள்.

நிரந்தரமாக்குதல்: குழப்பம் தொடங்கும் இடம்

டெபியன், உபுண்டு குடும்பத்தில் /ஈடிசி/டீஃபால்ட்/க்ரப் கோப்பில் ஒரே மாதிரி இரண்டு வரிகள் உண்டு. க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட் என்பது வழக்கமான பூட்டுக்கு மட்டும். க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ் என்பது ரெக்கவரி உட்பட எல்லாவற்றுக்கும். சோதனை முடிந்து எழுதும்போதும் முன்னதிலேயே எழுதுங்கள். அந்தப் பாராமீட்டர் என்றாவது தொல்லை தந்தால் ரெக்கவரி வரி அது இல்லாமல் எழும். சீரியல் கன்சோல் போல மீட்பு நேரத்திலும் தேவைப்படுபவை மட்டும் பின்னதில் போகட்டும்.

எழுதியதும் சூடோவுடன் அப்டேட்-க்ரப். இது தனிக் கருவி அல்ல; க்ரப்-எம்கேகான்ஃபிக் கட்டளையை /பூட்/க்ரப்/க்ரப்.சிஎஃப்ஜி கோப்புக்கு எழுதச் சொல்லி அழைக்கும் சின்ன ஸ்கிரிப்ட். அந்த க்ரப்.சிஎஃப்ஜியை நேராகத் திருத்துபவர்கள் இன்னும் உண்டு. அடுத்த கெர்னல் அப்டேட்டில் அது புதிதாக எழுதப்படும், திருத்தம் காணாமல் போகும்.

கோப்பு ஒரு ஷெல் ஸ்கிரிப்டாகப் படிக்கப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி கூடாது. மேற்கோள் குறி திறந்தால் மூட வேண்டும். டாலர் குறி வந்தால் தனிக் கவனம் வேண்டும். பழுதான ரேம் பகுதியைக் கெர்னல் தொடாமல் ஒதுக்கும் மெம்மேப் பாராமீட்டரில் அளவுக்கும் முகவரிக்கும் நடுவே டாலர் குறி வரும். முதலில் ஷெல்லும் பிறகு க்ரப்பும் அதை ஒரு மாறியின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். பேக்ஸ்லாஷ் போட்டுக் காப்பாற்ற வேண்டும். இரண்டு அடுக்கையும் தாண்ட வேண்டியிருப்பதால் ஒன்று போதாது. எத்தனை போட்டாலும் அப்டேட்-க்ரப் ஓட்டியபின் க்ரப்.சிஎஃப்ஜிக்குள் டாலருக்கு முன் ஒரு பேக்ஸ்லாஷ் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே ரீபூட் செய்யுங்கள். டாலர் விழுங்கப்பட்டால் ஒதுக்க நினைத்த பகுதி ஒதுங்காது, பொருளே வேறாகிவிடும்.

கிளவுடில் உபுண்டு வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பொறி ஒன்று. /ஈடிசி/டீஃபால்ட்/க்ரப்.டி என்ற அடைவில் சிஎஃப்ஜி என்று முடியும் கோப்புகள் இருந்தால் அவை முதன்மைக் கோப்புக்குப் பிறகு படிக்கப்படும். உபுண்டுவின் கிளவுட் இமேஜில் 50-கிளவுட்இமேஜ்-செட்டிங்ஸ் என்று ஒரு கோப்பு ஏற்கெனவே அங்கே இருக்கும். அது க்ரப்_சிஎம்டிலைன்_லினக்ஸ்_டீஃபால்ட் வரியைத் தன் பங்குக்கு மறுபடி எழுதிவிடுகிறது. நீங்கள் முதன்மைக் கோப்பில் என்ன மாற்றினாலும் /ப்ராக்/சிஎம்டிலைனில் தெரியாததற்குக் காரணம் இதுதான். அந்தக் கோப்பைத் திருத்த வேண்டாம். 99 என்று தொடங்கும் புதுக் கோப்பு ஒன்றை அதே அடைவில் வைத்து, பழைய மதிப்போடு உங்கள் பாராமீட்டரைச் சேர்த்து எழுதுங்கள்.

ஃபெடோராவுக்கு வந்தால் கதை வேறு. 2019-இல் வந்த ஃபெடோரா 30 முதல் ஒவ்வொரு கெர்னலுக்கும் /பூட்/லோடர்/என்ட்ரீஸ் அடைவில் தனிச் சிறு கோப்பு உண்டு. அங்கே சரியான கருவி க்ரபி: --அப்டேட்-கெர்னல்=ஆல் என்று கொடுத்து, --ஆர்க்ஸ்= என்பதற்குப் பின் மேற்கோளுக்குள் பாராமீட்டர். 'ஆல்' முழுவதும் பெரிய எழுத்து. நீக்க --ரிமூவ்-ஆர்க்ஸ், பார்க்க --இன்ஃபோ=ஆல். மூன்றும் நேராக வேலை செய்கின்றன. டெபியனின் வழியைவிட இது தெளிவு. ஆனால் பழைய குறிப்புகளைப் பார்த்து /பூட்/ஈஎஃப்ஐ/ஈஎஃப்ஐ/ஃபெடோரா அடைவிலுள்ள க்ரப்.சிஎஃப்ஜிக்கு எம்கேகான்ஃபிக் வெளியீட்டை எழுதிவிடாதீர்கள். ஃபெடோரா 34 முதல் அது உண்மையான கோப்பைக் காட்டும் சுட்டி மட்டுமே. மேலெழுதினால் அந்த ஏற்பாடே குலைந்துவிடும்.

எல்லாம் இங்கே வரத் தேவையில்லை

க்ரப் வரியில் கண்டதையெல்லாம் அடுக்கும் பழக்கம் நல்லதல்ல. எக்ஸ்86-இல் கெர்னல் எடுத்துக்கொள்ளும் கட்டளை வரியின் மொத்த நீளம் 2048 எழுத்துகள். அதைத் தொடுவது அரிது, ஆனால் நீண்ட வரியில் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரீபூட்டும் தேவைப்படும்.

விஎம்.ஸ்வாப்பினஸ், நெட்.கோர்.சோமேக்ஸ்கான், ஐநோட்டிஃபை வாட்ச் எண்ணிக்கை போன்றவை ஓடும் இயந்திரத்திலேயே மாறக்கூடியவை. அவற்றுக்கு இடம் /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் கான்ஃப் என்று முடியும் கோப்பு. சிஸ்சிடிஎல் --சிஸ்டம் ஓட்டினால் உடனே அமலாகும். கெர்னல் 5.8 முதல் சிஸ்சிடிஎல் என்று தொடங்கிப் புள்ளி வைத்து இவற்றையும் பூட் வரியிலேயே கொடுக்கலாம். ஆனால் அந்த மதிப்பு இனிட் தொடங்கும் முன்பு அமைக்கப்படுகிறது. பிறகு இந்த டிஸ்ட்ரோக்களில் இனிட்டாக இருக்கும் சிஸ்டம்டி எழுந்து சிஸ்சிடிஎல்.டி கோப்புகளைப் படிக்கும்போது அதே பெயர் அங்கே இருந்தால் உங்கள் மதிப்பு அழிந்துபோகும். பூட் வரியில் தெரிகிறது, ஓடும்போது வேறு மதிப்பு இருக்கிறது என்றால் இங்கே தேடுங்கள். டெபியன் 13-க்கு மாறியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதில் பூட் நேரத்தில் /ஈடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பு படிக்கப்படுவதில்லை. அதில் எழுதியிருந்ததை சிஸ்சிடிஎல்.டி அடைவுக்கு நகர்த்த வேண்டும்.

ஏற்றப்படாத மாட்யூலின் சிஸ்சிடிஎல் மதிப்பை முன்கூட்டி எழுதினால் அமலாகாது. கன்டெய்னர் நெட்வொர்க்குக்குத் தேவையான பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ் இதற்கு நல்ல உதாரணம். பிஆர்_நெட்ஃபில்டர் மாட்யூலின் பெயரை /ஈடிசி/மாட்யூல்ஸ்-லோட்.டி அடைவில் ஒரு கோப்பில் எழுதிவைத்தால்தான் அந்த மதிப்பு ரீபூட்டைத் தாண்டி நிற்கும். மாட்யூல் அமைப்புகளை மாட்ப்ரோப்.டி அடைவில் வைப்பவர்கள், அந்த மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (பூட்டின் தொடக்கத்தில் ரேமில் ஏறும் சிறு கோப்பு முறைமை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ ஓட்டாமல் பலனில்லை. மாட்யூல் உங்கள் கோப்பைப் பார்க்கும் முன்பே ஏறிவிடும்.

அப்படியானால் க்ரப் வரியில் இருக்க வேண்டியவை எவை? ஐசோல்சிபியூஸ்=2-5 போல கோர்களை ஒதுக்குவது; 0-ஆம் கோரை எப்போதும் கெர்னலுக்கு விட்டுவிடுங்கள். ஜிபியூவை விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுக்க இன்டெல்_ஐஓஎம்எம்யூ=ஆன். கெர்னல் விழுந்தால் டம்ப் எடுக்க க்ராஷ்கெர்னல். இவற்றோடு 1 ஜிபி ஹியூஜ் பேஜ். ஓடும் இயந்திரத்திலும் அதைக் கேட்கலாம், ஆனால் ரேம் துண்டு துண்டாகிப் போனபின் தொடர்ச்சியான 1 ஜிபி கிடைப்பது அரிது. ஹியூஜ்பேஜ்எஸ்இசட்=1ஜி ஹியூஜ்பேஜஸ்=4 என்ற வரிசை மாறக் கூடாது, எண்ணிக்கை தனக்கு முன்னால் வந்த அளவோடு ஒட்டிக்கொள்ளும். வரிசையைப் புரட்டினால் 4 என்பது 2 எம்பி பேஜ்களுக்குப் போய்விடும். ஒதுக்கிய ரேம் மற்ற நிரல்களுக்குக் கிடைக்காது. 8 ஜிபி இயந்திரத்தில் 6 கேட்டால் சேவைகள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கும்.

மிட்டிகேஷன்ஸ்=ஆஃப் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் 5.2 கெர்னலோடு வந்த இந்தச் சுருக்கம் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் போன்ற சிபியூ ஓட்டைகளுக்கு எதிரான பாதுகாப்புகளை மொத்தமாக அணைக்கிறது. பழைய இன்டெல் சிபியூக்களில் வேகம் கூடுவது உண்மை. பிரவுசர் ஓடும் இயந்திரத்திலும் பலர் பங்கிடும் சர்வரிலும் இதை வைக்கவே கூடாது. முதலில் /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியூ/வல்னரபிலிட்டீஸ் அடைவைப் படியுங்கள். பல வரிகளில் 'பாதிப்பில்லை' என்ற பதில் வரும் புதிய சிபியூவில் அணைத்துப் பெறுவது சொற்பமே.

கண்ணுக்கெட்டாத சர்வரில்

ஈ விசையின் வசதி கீபோர்டு பக்கத்தில் இருப்பவர்களுக்கு. எங்கோ இருக்கும் சர்வருக்கு க்ரப் தருவது க்ரப்-ரீபூட். க்ரப்.சிஎஃப்ஜியிலிருந்து உங்கள் கெர்னலின் மெனுஎன்ட்ரி பகுதியை முழுதாக எடுத்து /ஈடிசி/க்ரப்.டி/40_கஸ்டம் கோப்பின் கடைசியில் ஒட்டுங்கள். தலைப்பை மாற்றுங்கள். அதே வரியில் உள்ள ஐடியையும் கட்டாயம் மாற்றுங்கள், இரண்டு பகுதிகள் ஒரே ஐடியில் இருக்கக் கூடாது. பாராமீட்டரோடு பேனிக்=30 சேருங்கள். க்ரப்_டீஃபால்ட்=சேவ்டு என்று வைத்து அப்டேட்-க்ரப் ஓட்டி, க்ரப்-ரீபூட் கட்டளைக்குப் புதுத் தலைப்பைக் கொடுத்து ரீபூட் செய்தால், அடுத்த ஒரு பூட் மட்டும் சோதனை வரியில் எழும். கெர்னல் பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையில் நின்றால், 30 விநாடியில் தானே ரீபூட் ஆகிப் பழைய வரிக்குத் திரும்பும்.

இதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, 'ஒரு பூட் மட்டும்' என்ற குறிப்பை க்ரப் தானே அழிக்க வேண்டும். அந்தக் குறிப்பு இருப்பது க்ரப்என்வ் என்ற, சரியாக 1024 பைட் அளவுள்ள கோப்பில். /பூட் எல்விஎம் அல்லது மென்பொருள் ரெய்டின் மேல் (டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளும் அடுக்குகள்) இருந்தால் க்ரப்பால் அதைப் படிக்க முடியும், எழுத முடியாது. குறிப்பு அழியாது, சர்வர் அதே கெட்ட வரியிலேயே திரும்பத் திரும்ப எழும். /பூட் தனிச் சாதாரணப் பார்ட்டிஷனாக இல்லாத சர்வரில் க்ரப்-ரீபூட்டை நம்ப வேண்டாம். இரண்டாவது, பேனிக் ஆகாமல் உறைந்து நின்றாலோ நெட்வொர்க் இல்லாமல் எழுந்தாலோ பேனிக்=30 உதவாது. பின்னதற்கு ஒரு வழி உண்டு. சோதனை வரியில் ட்ரையல்=1 என்று உங்கள் சொந்தச் சொல் ஒன்றைச் சேருங்கள்; கெர்னல் அதைத் தொடாமல் இனிட்டுக்குக் கைமாற்றிவிடும். ரூட்டின் க்ரான்டேபில், பூட் ஆனதும் /ப்ராக்/சிஎம்டிலைனில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் ஷட்டவுன் -ஆர் +10 ஓடும்படி ஒரு வரி வையுங்கள். உள்ளே நுழைய முடிந்தால் ஷட்டவுன் -சி கொடுத்து ரத்து செய்யலாம். நுழைய முடியாவிட்டால் பத்து நிமிடத்தில் பழைய வரிக்குத் திரும்பும். முழுதாக உறைந்து நின்றால் ஹோஸ்டிங் நிறுவனத்தின் ரிமோட் கன்சோலோ பவர் சுவிட்சோதான் கதி. அது கையில் இருக்கிறதா என்று சோதனைக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் 40_கஸ்டம் பகுதியை எடுத்துவிடுங்கள். அதில் கெர்னல் பதிப்பு எண் எழுதப்பட்டிருப்பதால், பழைய கெர்னல் நீக்கப்பட்டதும் அது செத்த வரியாகிவிடும்.

இந்த ஓர் இடத்தில் இன்னொரு பூட்லோடரான சிஸ்டம்டி-பூட் க்ரப்பை நிச்சயமாக வெல்கிறது. அதில் என்ட்ரி கோப்பின் பெயரில் கான்ஃப்புக்கு முன் +3 சேர்த்தால், ஒவ்வொரு முயற்சிக்கும் எண் குறையும். நல்லபடி எழுந்தால் எண் நீங்கும். எழாமல் பூஜ்யமானால் அந்த என்ட்ரி வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படும். பாராமீட்டர்களும் 'ஆப்ஷன்ஸ்' என்ற ஒரே வரியில் இருக்கும், உருவாக்கும் ஸ்கிரிப்ட் நடுவில் இல்லை. ஆனால் அது யூஇஎஃப்ஐ இயந்திரத்துக்கு மட்டும். கெர்னல் கோப்புகளையும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் அல்லது அதற்கென ஒதுக்கிய பார்ட்டிஷனில் வைக்க வேண்டும். ஒரே கெர்னல், ஒரே ஓஎஸ், புது இயந்திரம் என்றால் அதற்கு மாறலாம். பழைய பயாஸ், என்கிரிப்ட் செய்த /பூட், எல்விஎம் என்று வந்தால் க்ரப்பை விட்டால் ஆளில்லை.

ஈ விசை யார் கையில்?

உங்களுக்குக் கதவைத் திறக்கும் ஈ விசை, கீபோர்டைத் தொடும் எவருக்கும் திறக்கும். வரியின் கடைசியில் இனிட்=/பின்/பாஷ் என்று தட்டினால் கடவுச்சொல் இல்லாமல் ரூட் ஷெல் வரும். கல்லூரி ஆய்வகம், கணினி மையம், பொது அலுவலகம் போன்ற இடங்களில் இது உண்மையான ஆபத்து. க்ரப்-எம்கேபாஸ்டபிள்யூடி-பிபிகேடிஎஃப்2 கட்டளையில் ஹாஷ் எடுத்து, 40_கஸ்டத்தில் சூப்பர்யூசர்ஸ் பெயரோடு எழுதினால் கடவுச்சொல் கேட்கும். அத்தோடு நிறுத்தினால் சாதாரண பூட்டுக்கும் கேட்டு உயிரை எடுக்கும். /ஈடிசி/க்ரப்.டி/10_லினக்ஸ் கோப்பில் கிளாஸ் வரியில் --அன்ரெஸ்ட்ரிக்டட் சேர்த்தால் பூட் தடையில்லாமல் நடக்கும், திருத்த மட்டும் கடவுச்சொல் தேவைப்படும். க்ரப் தொகுப்பு அப்டேட் ஆகும்போது அந்தக் கோப்பை மாற்றவா என்று கேட்கும். யோசிக்காமல் ஆம் என்று சொன்னால் அந்தச் சொல் போய்விடும்.

இந்தக் கடவுச்சொல்லையும் முழுக்க நம்ப முடியாது என்று 2015 டிசம்பரில் தெரியவந்தது. பயனர்பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 முறை தட்டினால் மீட்பு ஷெல் திறப்பதை வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது அப்போதே திருத்தப்பட்டுவிட்டது. செக்யூர் பூட் இருந்தால் பாராமீட்டர்களும் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. வழக்கமான அமைப்பில் அது கெர்னலின் கையொப்பத்தைப் பார்க்கிறதே தவிர கட்டளை வரியைப் பார்ப்பதில்லை. டேட்டா முக்கியம் என்றால் டிஸ்க் என்கிரிப்ஷன்தான் காவல்.

கடைசியாக, பாராமீட்டரை நீக்கும் வேலை. சேர்ப்பவர்கள் அதிகம், நீக்குபவர்கள் குறைவு. பல பாராமீட்டர்கள் ஒரு குறிப்பிட்ட கெர்னலின் பிழையைத் தாண்டப் போட்டவை. பிழை திருத்தப்பட்ட பிறகும் வரியில் தங்கி பேட்டரியையோ வேகத்தையோ தின்றுகொண்டிருக்கும். கெர்னலின் பெரிய பதிப்பு மாறும்போது ஈ அழுத்தி ஒன்றை மட்டும் அழித்துப் பூட் செய்து, வழக்கமான வேலைகளைச் செய்து பாருங்கள். தூக்கத்துக்கு அனுப்பி எழுப்புங்கள், வெளித்திரை மாட்டுங்கள். தொல்லை இல்லையென்றால் கோப்பிலிருந்தும் எடுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். இதற்கு உதவியாக, சேர்க்கும்போதே அந்த வரிக்கு மேலே ஒரு ஹாஷ் குறி போட்டு எழுதிவையுங்கள்: எந்தக் கெர்னல் பதிப்பு, என்ன கோளாறு, எந்தத் தேதி.